பெய்ஜிங்குக்கு முதலில் வந்தவர்கள் மஞ்சுக்கள் அல்ல

ஆசிரியருக்கு,

சென்ற இதழில் சீனாவின் மிங் வம்சத்தைப் பற்றி வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். முடிவுதான் இடறுகிறது. 1644இல் வடகிழக்கே இருந்த மஞ்சு இனத்தார் பெருஞ்சுவரைத் தாண்டி வந்து மிங் ஆட்சியைக் கவிழ்த்ததாக ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். மஞ்சுப் படை பெய்ஜிங்கில் நுழைந்தபோது, கவிழ்க்க அங்கே மிங் ஆட்சியே இல்லை. பேரரசர் சோங்ஜென் அரண்மனைக்குப் பின்னால் இருக்கும் குன்றில் தூக்குப் போட்டுக்கொண்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. நகரத்தைப் பிடித்தவர் லீ சிசெங், கலகப் படைக்குத் தலைவரான ஷென்சி மாகாணத்துக் குடியானவர். கட்டுரையில் அவர் பெயரே இல்லை.

நான் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். அதனாலோ என்னவோ, இந்த லீ அரசாங்க அஞ்சல் சாவடியில் வேலை பார்த்தவர் என்பது எனக்கு மறப்பதில்லை. அரசாங்கக் கடிதம் கொண்டுபோகிறவர்களும் பயணம் போகும் அதிகாரிகளும் குதிரை மாற்றிக்கொள்ளும் இடம் அது. 1629இல் செலவைக் குறைக்கிறோம் என்று இந்தச் சாவடிகளில் கை வைத்தார்கள். அதற்கு முந்தைய வருஷம்தான் ஷென்சியில் மழை பொய்த்திருந்தது. சனங்கள் மரப்பட்டையை உரித்துத் தின்றார்கள், அதுவும் தீர்ந்த பிறகு மண்கல்லைத் தின்று வயிறு வீங்கிச் செத்தார்கள் என்று அந்தப் பக்கத்து அதிகாரி ஒருவரே பேரரசருக்கு எழுதியிருக்கிறார். குதிரை ஏறத் தெரிந்த, வழியெல்லாம் அத்துப்படியான ஆட்களை அந்த நேரம் பார்த்து வீட்டுக்கு அனுப்பினால் எங்கே போவார்கள்? வேலை போனவர்களில் லீயும் ஒருவர் என்பார்கள்.

மஞ்சுக்களுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. வடகிழக்கே அவர்களோடு நடந்த போருக்காகத்தான் 1618 முதல் நிலவரிக்கு மேல் கூடுதல் வரி விதித்தார்கள். அதையும் வெள்ளியாகக் கட்ட வேண்டும். நன்றாக விளைந்தால் தானிய விலை சரியும், விளையாவிட்டால் விற்க ஒன்றும் இருக்காது. லீ வந்தால் நிலவரி கிடையாது என்ற பேச்சு ஊர் ஊராகப் பரவியதில் ஆச்சரியம் என்ன? 1641இல் லுவோயாங் நகரக் கதவை அவருக்குத் திறந்துவிட்டதே அரசாங்கச் சிப்பாய்கள்தான். அவர்கள் பட்டினி கிடக்க, பேரரசரின் சித்தப்பாவான ஃபூ இளவரசர் உள்ளே தானியமும் பணமும் குவித்து வைத்திருந்தார். லீ அவரைக் கொன்று களஞ்சியத்தை ஏழைகளுக்குத் திறந்துவிட்டார். (இளவரசரை மான்கறியோடு சேர்த்துச் சமைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. நான் நம்பவில்லை.)

சரி, வரி இல்லை என்றவர் படைக்கு எதைக் கொடுப்பார்? லீ சறுக்கியது இங்கேதான் என்பது என் எண்ணம். பெய்ஜிங்கைப் பிடித்ததும் மிங் அதிகாரிகளைப் பிடித்துவந்து, இடுக்கியில் கால்களை நெரித்து வெள்ளி கறந்தார்கள். போர்ச் செலவுக்குப் பேரரசர் கேட்டபோது மூக்கால் அழுத அவருடைய மாமனாரிடமிருந்தும் ஏராளமாக வந்தது. அந்த மனிதர்மேல் எனக்கு இரக்கம் இல்லை. ஆனால் அப்போது லீயின் பிடியில் இருந்தவர்களில், பெருஞ்சுவரின் ஷான்ஹாய் வாசலைக் காத்துவந்த தளபதி வூ சாங்குயியின் தகப்பனாரும் ஒருவர். காதலியைப் பறித்ததால்தான் வூ மஞ்சுக்கள் பக்கம் போனார் என்று சினிமாபோலச் சொல்வார்கள். வெள்ளிக்காக அதிகாரிகள் படும் பாடும் தகப்பன் கைதியாக இருப்பதும் போதாதா? மே 27 அன்று அந்த வாசலில் வூவும் மஞ்சுப் படையும் சேர்ந்து லீயை முறியடித்தார்கள். பெய்ஜிங்குக்கு ஓடிவந்த லீ, ஜூன் 3 அன்று அவசர அவசரமாக முடிசூட்டிக்கொண்டு, மறுநாளே அரண்மனைக்குத் தீ வைத்துவிட்டு மேற்கே கிளம்பினார். அப்புறம்தான் மஞ்சுக்கள் வந்தார்கள்.

அடுத்த பகுதியில் மஞ்சு ஆட்சியைப் பற்றி எழுதுவதாகக் கட்டுரையாளர் சொல்லியிருக்கிறார். அவர்களுடைய தலைவர் டோர்கோன் அதே 1644இல் மிங் காலத்துக் கூடுதல் வரிகளை ரத்து செய்தார். அங்கிருந்து தொடங்கும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி