வக்கீலின் கவர் லெட்டரில் கட்சிக்காரர் பெயர் எதற்கு?

ஆசிரியருக்கு,

ரெஸ்யூம் எழுதுவது பற்றி நிறைய யோசனைகள் வருகின்றன. கூடப் போகும் கவர் லெட்டருக்கோ 'சுருக்கமாக, பணிவாக எழுதுங்கள்' என்பதோடு சரி. சட்ட நிறுவனத்துக்கு விண்ணப்பிப்பவருக்கு இது போதாது. வக்கீலின் பிழைப்பே எழுத்தில்தான். அந்த எழுத்துக்கு முதல் சாம்பிள் இந்தக் கடிதம்.

ஒரு பக்கம், மூன்று அல்லது நான்கு பத்தி. எந்த வேலைக்கு, எப்போது சேர முடியும் என்பது முதல் இரண்டு வரியிலேயே வந்துவிட வேண்டும்.

பலர் ரெஸ்யூமையே வாக்கியமாக்கி வைக்கிறார்கள். மதிப்பெண், மூட் கோர்ட் (மாணவர்களின் மாதிரி வழக்காடல் போட்டி), இன்டர்ன்ஷிப் என்று வரிசையாக வரும். படிப்பவருக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது. அதைவிட, செய்த வேலையில் ஒன்றை மட்டும் எடுத்து விரித்துச் சொல்லலாம். 'ஒப்பந்தங்களை ஆய்வு செய்தேன்' என்பதில் சாரமில்லை. 'ஒரு கம்பெனி கைமாறும்போது அதன் 40 குத்தகை ஒப்பந்தங்களைப் படித்து, கம்பெனியின் உரிமையாளர் மாறினால் ரத்து செய்யலாம் என்ற ஷரத்து எவற்றில் இருக்கிறது என்று அட்டவணை போட்டேன்' என்றால், எதைத் தேட வேண்டும் என்று தெரிந்தவர் என்பது புரிந்துவிடும்.

இப்படி விரிக்கும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். கட்சிக்காரரின் பெயரையும், இன்னும் வெளியே தெரியாத பேரத்தையும் பெருமையாக எழுதிவிடுகிறார்கள். அங்கே நடந்ததை இங்கே சொல்பவர், நாளை இங்கே நடப்பதையும் வெளியே சொல்வார் என்றுதான் தோன்றும். 'ஒரு மருந்துக் கம்பெனி' போதும். அதுவே ஆளைக் காட்டிக்கொடுக்கும் அளவுக்குச் சின்னத் துறை என்றால் 'ஒரு உற்பத்தியாளர்' என்று எழுதுங்கள். தீர்ப்பு வெளியான வழக்கின் பெயரைச் சொல்லலாம், ஆனால் தீர்ப்பில் இல்லாத விவரம் கூடாது.

'தங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் பணியாற்றுவது என் கனவு' என்ற வரியை யாருக்கும் அனுப்பலாம், அதனால் யாருக்கும் பயன்படாது. நிறுவனத்தின் பெயரை எடுத்துவிட்டு இன்னொன்றின் பெயரைப் போட்டுப் பாருங்கள். வாக்கியம் அப்படியே பொருந்தினால் அடித்துவிடுங்கள். வழக்கு மட்டும் நடத்தும் நிறுவனத்திடம் கம்பெனி இணைப்புகளில் ஆர்வம் என்று எழுதினால், வலைத்தளத்தைக்கூடத் திறந்து பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்ட மாதிரி.

ஒரு பருவத்தில் மதிப்பெண் சரிந்திருந்தால் காரணம் ஒரே வரி, பிறகு மீண்டது ஒரு வரி. நியாயப்படுத்தப் போனால் வாதமாகிவிடும்.

பெயர்களில் பிழையே கூடாது. சட்ட நிறுவனங்கள் இணையும்போதும் பிரியும்போதும் பெயர் மாறும், பார்ட்னர்களின் வரிசையும் மாறும்; அன்றைய பெயரைப் பார்த்து எழுதுங்கள். அனுப்பும்போது பிடிஎஃப் ஆக்குங்கள். அதற்கு முன், வேர்டில் மாற்றங்களைக் குறித்துவைக்கும் டிராக் சேஞ்சஸில் கிடக்கும் திருத்தங்களை எல்லாம் ஏற்று முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் போன வாரம் விண்ணப்பித்த நிறுவனத்தின் பெயர் சிவப்புக் கோடு போட்டபடி இவர்கள் கண்ணிலும் படும்.

— சட்ட நிறுவனங்களில் ஆள் தேர்வைக் கவனிக்கும் வழக்கறிஞர்கள் சிலர்