எண்ணெயில் மூழ்கிய பூண்டும் ஒரு திருத்தமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறன்று தங்கள் நாளிதழின் இணைப்பில் வெளிவந்த சமையலறைக் குறிப்புகளில், பூண்டை உரித்து, துணியால் துடைத்து, கண்ணாடிப் புட்டியில் இட்டு, மூழ்கும் அளவுக்கு நல்லெண்ணெய் ஊற்றி அடுப்படி மேடையிலேயே வைத்துக்கொண்டால் மூன்று மாதமானாலும் கெடாது என்று ஒரு குறிப்பு இருந்தது. அதைப் படித்த கையோடு என் மருமகள் அரைக் கிலோ பூண்டை முறத்தில் கொட்டிக்கொண்டு உரிக்க உட்கார்ந்துவிட்டாள் என்பதால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். பள்ளியில் மனையியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்ற முறையிலும், வடுகபட்டிப் பூண்டு மண்டியில் தரம் பிரிக்கும் வேலை பார்த்த ஒருவரின் மகள் என்ற முறையிலும், அந்தக் குறிப்பைத் திருத்தாமல் விடுவது சரியல்ல என்று கருதுகிறேன்.

பூண்டு மண்ணுக்கு அடியில் விளைவது. மண்ணில் இயல்பாகவே இருக்கும் க்ளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற நுண்ணுயிரின் வித்துகள் அதன் மீது ஒட்டியிருக்கக்கூடும். காற்றுப் பட்டுக்கொண்டே இருக்கும் இடத்தில் இந்த வித்துகள் முளைப்பதில்லை. ஆகையால் கூடையில் கிடக்கும் பூண்டால் நமக்கு ஒரு தீங்கும் இல்லை. காற்றுப் புகாத இடமும், ஈரமும், புளிப்பில்லாத உணவும், நம் ஊர் அடுப்படியின் வெப்பமும் ஒருசேரக் கிடைக்கும்போதுதான் அவை விழித்துக்கொண்டு பெருகி, மனிதர் அறிந்த நஞ்சுகளிலேயே மிகக் கொடியதென்று சொல்லத்தக்க ஒன்றை உண்டாக்குகின்றன. அடுப்படி மேடையில் எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும் பச்சைப் பூண்டுக்கு இந்த நான்கும் ஒருங்கே அமைந்துவிடுகின்றன: எண்ணெய் காற்றை அடைக்கிறது, பூண்டுப் பல்லுக்குள்ளேயே போதிய நீர் இருக்கிறது, வெளி ஈரத்தை எவ்வளவு துடைத்தாலும் அந்த நீர் போவதில்லை. புளிப்பைப் பொறுத்தவரை, பி.எச். அளவு (புளிப்பு ஏற ஏற இந்த எண் குறையும்) 4.6-க்குக் கீழே இருந்தால்தான் இந்த நுண்ணுயிர் அடங்கிக் கிடக்கும். பூண்டோ ஏறக்குறைய 6 என்ற அளவில் நிற்கிறது.

இது ஏட்டளவிலான அச்சமன்று. 1985-ஆம் ஆண்டு கனடாவின் வான்கூவர் நகரில், ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேர் இந்த நஞ்சால் பாதிக்கப்பட்டார்கள். அங்கே பயன்படுத்தப்பட்டது, சோயா எண்ணெயில் இட்டுப் புட்டியில் அடைத்து விற்கப்பட்ட நறுக்கிய பூண்டு. குளிரில் வைக்க வேண்டியதை வெளியிலேயே வைத்திருந்ததுதான் காரணம் என்று பின்னர் கண்டறிந்தார்கள். 1989-இல் நியூயார்க் மாநிலத்தின் கிங்ஸ்டன் என்ற ஊரில் எண்ணெய்ப் பூண்டு தடவிய ரொட்டியைத் தின்ற மூவருக்கு அதே நேர்ந்தது. அதன் பிறகுதான், குளிரை மட்டும் நம்பி இப்படிப்பட்ட புட்டிகளை விற்கக் கூடாது, புளிப்பேற்றியே விற்க வேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கட்டாயப்படுத்தியது. நிறமோ மணமோ சுவையோ மாறாமலே நஞ்சு ஊறியிருக்கலாம் என்பதுதான் இதில் உள்ள பெரிய சிக்கல். நம் வீடுகளில் கெட்டுப்போனதை மூக்கால் கண்டுபிடித்தே பழகியிருக்கிறோம். இங்கே மூக்கு உதவாது. பார்வை இரண்டாகத் தெரிவது, இமை தொங்குவது, நாக்குக் குழறுவது, விழுங்க முடியாமல் போவது, பிறகு மூச்சே தடைப்படுவது என்று ஏறிக்கொண்டே போகும் நோய் இது.

இவ்வளவையும் சொன்னவுடன், "அப்படியானால் நம் பாட்டிமார் போட்ட பூண்டு ஊறுகாய் ஆண்டுக்கணக்கில் நின்றதே, அதிலும் எண்ணெய் மிதந்ததே" என்று வாசகர்கள் கேட்பார்கள். என் மருமகளும் அதைத்தான் கேட்டாள். கேள்வி நியாயமானது. ஊறுகாயில் பூண்டைக் காப்பது எண்ணெய் அன்று. புளிக்கரைசலோ எலுமிச்சைச் சாறோ தரும் புளிப்பும், கை நிறைய அள்ளிப் போடும் உப்பும்தான். எண்ணெயைக் காய்ச்சி, பூண்டை வதக்கி, புளியை விட்டுச் சுண்ட வைத்து, உப்பும் காரமும் சேர்த்து இறக்கும்போது அந்தப் புளிப்பு ஒவ்வொரு பல்லின் உள்ளேயும் இறங்கிவிடுகிறது. மேலே மிதக்கும் எண்ணெய் பூஞ்சணம் படியாமல் தடுக்கும் மூடி. அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை. புளியையும் உப்பையும் எடுத்துவிட்டு எண்ணெயை மட்டும் வைத்துக்கொண்டு அதையே பழைய முறை என்று சொல்வது பாட்டிமாருக்குச் செய்யும் அநீதி. "உப்புக் குறைவாக ஊறுகாய்" என்று இப்போது பலர் செய்து பார்க்கிறார்கள். உடல்நிலை கருதி உப்பைக் குறைப்பவர்கள் அந்த ஊறுகாயைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சில நாட்களில் தீர்த்துவிட வேண்டும்.

பூண்டைச் சேமிக்க வேண்டும் என்ற எண்ணம் மக்களுக்கு ஏன் வந்தது என்பதை நான் அறியாதவள் அல்லள். 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சில்லறை விலை கிலோ 400 ரூபாயைத் தாண்டி நின்றபோது, ரசத்துக்கு இரண்டு பல் தட்டிப் போடவும் யோசித்தவர்கள் உண்டு. அந்த நினைவு இருப்பதால், விலை இறங்கியவுடன் ஐந்து கிலோ, பத்துக் கிலோ என்று வாங்கிக் குவிக்கிறார்கள். வாங்கிக் குவிப்பதில் தவறில்லை; ஆனால் எந்த மாதத்தில் வாங்கினோம் என்பதைப் பொறுத்தே அது எத்தனை நாள் நிற்கும் என்பது அமைகிறது. நம் கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் வடநாட்டுப் பூண்டு, மத்தியப் பிரதேசத்தின் மந்த்சோர், நீமச் பகுதிகளிலும் ராஜஸ்தானின் கோட்டா பகுதியிலும் விளைந்து, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அறுவடையாகி வருவது. ஆகவே பங்குனியில் வாங்கும் பூண்டு புதுப்பூண்டு. அதன் வாழ்நாளில் பெரும் பகுதி இன்னும் மிச்சமிருக்கிறது. அதே பூண்டை ஐப்பசியில் வாங்கினால், அது கிடங்கில் ஏழெட்டு மாதம் கிடந்துவிட்டு, முளைக்கும் தறுவாயில் நம் வீட்டுக்கு வருகிறது. போதாக்குறைக்கு வடகிழக்குப் பருவமழையின் ஈரக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. பங்குனியில் வாங்கியது மூன்று மாதம் நின்றதே, இது ஏன் மூன்று வாரம்கூட நிற்கவில்லை என்று கடைக்காரரைக் கோபித்துப் பயனில்லை. மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குவதே நான் கடைப்பிடிக்கும் வழக்கம்.

என் தந்தை பூண்டைத் தரம் பார்க்கும்போது கண்ணை விடக் கையைத்தான் நம்புவார். உள்ளங்கையில் வைத்து அழுத்தினால் கல் போல நிற்க வேண்டும்; எடுத்தால் அளவுக்கேற்ற கனம் இருக்க வேண்டும்; தாளை, அதாவது தண்டை, அறுத்த கழுத்துப் பகுதி ஈரமின்றி இறுகிக் காய்ந்திருக்க வேண்டும். கழுத்து ஈரமாக இருக்கும் பூண்டில்தான் பூஞ்சணம் முதலில் இறங்கும். அழுத்தும்போது ஓரிடம் பொக்கென்று உள்வாங்கினால் அங்கே ஒரு பல் சொத்தை என்று பொருள். அந்த ஒன்றை அப்படியே கூடையில் போட்டால் பக்கத்தில் இருப்பதையும் அது கெடுத்துவிடும். புதுப்பூண்டு சற்று ஈரமாக இருந்தால், வெயிலில் கொட்டிப் பொரியவிடாமல், நிழலில் காற்றோட்டமாகச் சாக்கின் மீது பரப்பி, மேல்தோல் சலசலக்கும்வரை உலர்த்தி எடுத்துவைக்க வேண்டும்.

எங்கள் ஊருக்கு மேலே, கொடைக்கானல் மலையின் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சிப் பகுதிகளில் விளையும் மலைப்பூண்டு, 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. அங்கே விதைக்கென ஒதுக்கும் பூண்டைத் தாளோடு சேர்த்துப் பிடி பிடியாகக் கட்டி, புகைபடும் இடத்தில் தொங்கவிட்டு மாதக்கணக்கில் காப்பாற்றுவார்கள். காற்று சுற்றி வரும்படி தொங்குவது, புகையால் ஈரம் படியாதிருப்பது, தாளை அறுக்காததால் கழுத்து மூடியே இருப்பது என்ற மூன்றும் சேர்ந்து அந்தக் கட்டைக் காக்கின்றன. எரிவாயு அடுப்பு வைத்திருக்கும் நம்மால் புகை போட முடியாது. ஆனால் வலைப்பையில் இட்டு, அடுப்பிலிருந்தும் கழுவுதொட்டியிலிருந்தும் தள்ளி, ஜன்னல் காற்றுப் படும் நிழலான இடத்தில் ஓர் ஆணியில் மாட்டிவிடலாம். மூங்கில் கூடையும் பழைய உறியும் இதற்கு இன்னும் சிறந்தவை. பாலித்தீன் பையில் முடிந்து வைத்தால் பூண்டு வியர்த்து, ஒரே வாரத்தில் அடியில் கறுப்புப் படியும்.

குளிர்சாதனப் பெட்டியைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. அறுவடைக்குப் பிறகு பூண்டு சில மாதங்கள் உறங்குகிறது. அந்த உறக்கத்தைக் கலைப்பது வெயிலன்று, மிதமான குளிர். 5 முதல் 10 டிகிரி வரையிலான குளிர் பட்டால், குளிர்காலம் வந்து போகிறதென்று எண்ணி அது முளைக்க ஆயத்தமாகிறது. நம் வீட்டுப் பெட்டியின் காய்கறித் தட்டு ஏறக்குறைய அந்த அளவில்தான் இருக்கிறது. வணிகக் குளிர்பதனக் கிடங்குகளில் 0 டிகிரியை ஒட்டி, ஈரப்பதத்தையும் கட்டுப்படுத்தி வைப்பதால் அங்கே ஆறு மாதத்துக்கு மேலும் நிற்கிறது. அதைப் பார்த்து நாமும் முழுப் பூண்டைப் பெட்டிக்குள் தள்ளினால் முளையைத்தான் அறுவடை செய்வோம். முழுப் பூண்டுக்கு வெளிக்காற்று, உரித்த பூண்டுக்குக் குளிர் என்று பிரித்துக்கொள்வதே சரி. உடைக்காத பூண்டு நல்ல நிலையில் வெளியே ஒன்று முதல் மூன்று மாதம் நிற்கும். அதிலிருந்து ஒரு பல்லைப் பிரித்துவிட்டால் மீதியை இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மொத்தமாக உரித்து வைப்பது எவ்வளவு பெரிய உதவி என்பது எனக்குத் தெரியும். (ஆண்களும் உரிக்கலாம், அதற்குத் தனிக் குறிப்பு எதுவும் தேவையில்லை.) உரித்த பல்லைக் கழுவாமல், எண்ணெய் சேர்க்காமல், மூடி இறுகும் டப்பாவில் அடியில் ஒரு துண்டுக் காகிதம் போட்டுக் குளிரில் வைத்தால் ஒரு வாரம் தாராளமாக நிற்கும். டப்பா இறுகவில்லையென்றால் மறுநாள் காப்பியில் பூண்டு மணக்கும். அதற்கு மேலும் வேண்டுமென்றால் உறைநிலைப் பகுதிதான் வழி: முழுப் பல்லாகவோ, விழுதாக அரைத்துப் பனிக்கட்டித் தட்டின் குழிகளில் நிரப்பியோ வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. பல் சற்றுத் துவண்டு போகும்; குழம்புக்கும் குருமாவுக்கும் அதனால் குறையொன்றும் இல்லை. எண்ணெயில் போட்டுத்தான் தீருவேன் என்பவர்கள் குளிரில் வைத்து நான்கு நாட்களுக்குள் முடித்துவிட வேண்டும், அல்லது அதையும் உறைய வைத்துவிட வேண்டும்.

தேவையின்றித் தூக்கி எறியப்படும் பூண்டைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. முளைவிட்ட பூண்டு நஞ்சு என்று கைப்பேசியில் சுற்றி வரும் செய்தி தவறு; முளைவிட்டுப் பச்சையேறிய உருளைக்கிழங்குக்குச் சொன்னதை யாரோ பூண்டின் தலையில் கட்டியிருக்கிறார்கள். முளைத்த பூண்டு சற்றுக் கசக்கும், நடுவில் உள்ள பச்சைக் குருத்தைக் கீறி எடுத்துவிட்டால் அதுவும் தெரியாது. எலுமிச்சையோ வினிகரோ பட்டு விழுது நீலமாகவோ பச்சையாகவோ மாறினாலும் அஞ்ச வேண்டாம்; பூண்டில் உள்ள கந்தகச் சேர்மங்கள் புளிப்போடு கூடும்போது உண்டாகும் நிறம் அது. ஆனால் பல்லின் மீது பச்சை நிறத்தில் பொடி போலப் பூஞ்சணம் படிந்திருந்தாலோ, தோலுக்கடியில் கரித்தூள் போலக் கறுத்திருந்தாலோ, மெத்தென்று நைந்திருந்தாலோ அந்தப் பல்லைக் கழுவிப் பயன்படுத்த முயலாமல் எறிந்துவிட வேண்டும்.

எனவே, அந்தக் குறிப்பு வெளிவந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், எண்ணெயில் இட்ட பச்சைப் பூண்டை வெளியில் வைக்கக் கூடாது என்ற திருத்தத்தை வரும் ஞாயிறன்றே வெளியிட வேண்டுமெனத் தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இணைப்பைப் படித்துவிட்டுக் கடந்த வாரமே புட்டியில் போட்டு மேடையில் வைத்துவிட்டவர்கள், விலை நினைவுக்கு வந்தாலும், அதைச் சூடாக்கிச் சரிசெய்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். கெட்டிருக்கிறதா என்று விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கவும் வேண்டாம். மூடியைத் திறக்காமலே உறையில் கட்டி அப்புறப்படுத்திவிட வேண்டும் என்ற வரியையும் அந்தத் திருத்தத்தில் தவறாமல் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மனையியல் ஆசிரியை ஒருவர்,
பெரியகுளம், தேனி மாவட்டம்.