பால் மறந்த குட்டியை அன்றே வண்டியில் ஏற்றலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தென் மாவட்டங்களின் நாட்டு இனமான கன்னி ஆட்டு வளர்ப்பின் வரவு செலவு பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். கொட்டகைச் செலவிலிருந்து கிடா விலை வரை கணக்குச் சொன்ன அக்கட்டுரை, தாயிடமிருந்து பிரித்த குட்டியின் பராமரிப்பை ஒரே வரியில் கடந்துவிட்டது. விளாத்திகுளம் வட்டாரத்தில் ஆடு வளர்க்கும் எங்களுக்கு நட்டம் வருவதே அந்த ஒரு வரிக்குள்தான்.

சென்ற ஐப்பசியில் சந்தையிலிருந்து ஆறு குட்டிகளை வாங்கி வந்தேன். அன்று காலையில்தான் தாயை விட்டுப் பிரித்திருக்கிறார்கள் என்பது, இரவெல்லாம் அவை கத்திய கத்தலில் புரிந்தது. தேறட்டும் என்று மறுநாள் கம்பும் மக்காச்சோளமும் தாராளமாக வைத்தேன். அது என் தவறு. நான்காம் நாள் இரண்டு குட்டிகள் வயிறு உப்பிக் கழிந்து செத்தன. தீவனமே அறியாத வயிற்றில் தானியம் திடீரென விழுந்தால் புளித்துப்போகும் என்றும், குடலில் நஞ்சு உண்டாகிக் குட்டியைத் திடீரெனக் கொல்லும் துள்ளுமாரி நோய்க்கும் அது வழி திறந்துவிடும் என்றும் பிறகுதான் கால்நடை மருத்துவர் விளக்கினார்.

பொதுவாக மூன்று மாதத்தில் குட்டியைப் பிரிக்கிறோம். ஆனால் நாட்களை மட்டும் எண்ணுவது போதாது. கன்னி ஆடு பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடுவதால் ஒன்று கொழுத்தும் மற்றொன்று நோஞ்சானாகவும் இருக்கும். பிறந்த எடையைப்போல் இரண்டரை மடங்காவது தேறாத குட்டியை இன்னும் சில வாரம் தாயுடன் விடுவதே நல்லது. பகலில் குட்டியைப் பஞ்சாரத்தில் அடைத்துவிட்டுத் தாயை மேய்ச்சலுக்கு ஓட்டி, காலையும் மாலையும் மட்டும் ஊட்டவிட்ட நம் பெரியவர்களின் வழக்கம், பாலை மெல்ல மறக்கடிக்கும் முறையே அன்றி வேறில்லை. மூன்றாம் வாரத்திலிருந்தே அகத்திக் கொழுந்தையும் தானியமும் பிண்ணாக்கும் கலந்த அடர்தீவனம் ஒரு கைப்பிடியையும் கொறிக்கப் பழக்கிய குட்டி, பால் நின்றாலும் இளைப்பதில்லை. பிரித்த பிறகும் பத்து நாளுக்குப் பழைய தீவனத்தையே கொடுத்து, பழகிய பட்டியிலேயே வைத்திருக்க வேண்டும். ஈரத் தரை இரத்தக் கழிச்சலைக் கொண்டுவரும் என்பதால் அந்த இடம் காய்ந்திருப்பது அவசியம். கீழ் இமையை இழுத்துப் பார்க்கையில் உட்புறம் சிவக்காமல் வெளுத்திருந்தால், குடற்புழு இரத்தத்தை உறிஞ்சுகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். கிடாக் குட்டிகளையும் இந்தப் பருவத்திலேயே தனியே கட்டிவிடுவது உத்தமம். நான்கு மாதத்திலேயே அவை சேட்டையைத் தொடங்கிவிடும்.

தாய்ப்பாலால் கிடைத்த நோய் எதிர்ப்புத் திறன் வற்றுவதும் ஏறத்தாழ இதே மூன்று, நான்கு மாதத்தில்தான். பால் நின்று, பாதுகாப்பும் குறைந்திருக்கும் அந்த வேளையில், தடுப்பூசி போடாத குட்டியை ஊரெல்லாம் கூடும் சந்தைக்கு ஏற்றுவது, ஆட்டுக்கு ஆடு வேகமாகத் தொற்றும் ஆட்டுக்கொல்லி நோயை வலியச் சென்று வாங்குவதற்கு ஒப்பாகும்.

எங்கள் ஊருக்குத் தடுப்பூசி முகாம் வரும்போது மூன்று மாதம் நிறையாத குட்டிகளை ஒதுக்கிவிடுகிறார்கள். அது முறைதான். ஆனால் அடுத்த முகாம் வருவதற்குள் அவற்றில் பாதி விற்றுப்போய்விடுகின்றன. இரண்டு குட்டிகளைத் தூக்கிக்கொண்டு மருந்தகத்துக்குப் போனால் ஊசி கிடைப்பதில்லை; ஒரு குப்பியில் பல ஆடுகளுக்கான மருந்து இருப்பதாலும், கரைத்த சில மணி நேரத்துக்குள் அதைத் தீர்க்க வேண்டியிருப்பதாலும் மருத்துவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆகவே, மாதத்தில் ஒரு நாளைப் பால் மறந்த குட்டிகளுக்கென்றே ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும் குறித்து, அதை ஊராட்சி அலுவலகத்தில் எழுதி ஒட்டுமாறு கால்நடைப் பராமரிப்புத் துறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். குப்பி வீணாகாதபடி அன்றைக்குக் குட்டிகளைத் திரட்டிக்கொண்டு வருவது எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
ஆடு வளர்ப்போர் ஒருவர்,
விளாத்திகுளம் வட்டம்.