டெட்லைன் என்கிறாயே

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நான் கேட்ட ஒரு கேள்விக்கு மூன்று முறை ‘டெட்லைன்’ என்று பதில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். இருபது வருடம் அச்சகத்தில் புரூஃப் திருத்தியவளிடம் ஒரு சொல்லை அப்படிப் போட்டுவிட்டுப் போனால் சும்மா இருப்பேனா? தேடிப் படித்துவிட்டேன்.

அது அலுவலகத்தில் பிறந்த சொல் இல்லையடா, சிறையில் பேர் வாங்கிய சொல். அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலம். 1864 பிப்ரவரியில் ஜார்ஜியா மாநிலத்து ஆண்டர்சன்வில்லில் வடமாநிலத்தாரோடு போரிட்ட தென்மாநிலத்தார், பிடிபட்ட எதிரிப் படைவீரர்களை அடைக்கக் கைதி முகாம் ஒன்றைத் திறந்தார்கள். 10,000 பேருக்கென்று போட்ட இடத்தில் ஆகஸ்டுக்குள் 30,000 பேருக்கு மேல் அடைத்தார்கள். சுற்றிலும் உயரமான மரச்சுவர். சுவருக்கு உட்புறம் சுமார் 19 அடி தள்ளி, கம்பு நட்டு மேலே ஒரு சட்டம் அடித்த சின்ன வேலி. நம் கொல்லையில் அவரைக்காய்ப் பந்தல் இருந்ததே, அந்த அளவுதான் இருந்திருக்கும். அதைத் தாண்டினால் மேலே நிற்கும் காவலாள் சுட்டுவிடுவான். அந்த வேலிதான் டெட்லைன்.

முகாமுக்கு ஒரே ஓடை. குடிக்க, குளிக்க, மற்ற எல்லாவற்றுக்கும் அதுதான். தண்ணீர் உள்ளே நுழைகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் தெளிவு. அங்கே வேலிக்கடியில் கையை நீட்டி ஒரு குவளை மொண்டவர்களையும் சுட்டிருக்கிறார்கள். படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 14 மாதங்களில் அங்கே அடைபட்டவர்கள் ஏறக்குறைய 45,000 பேர். இறந்தவர்கள் ஏறக்குறைய 13,000. பெரும்பாலோரைக் கொண்டுபோனது தோட்டா இல்லை, சீதபேதியும், வைட்டமின் சி இல்லாமல் வருகிற ஸ்கர்வி நோயும். முகாம் தலைவன் ஹென்றி விர்ஸை 1865 நவம்பர் 10 அன்று தூக்கிலிட்டார்கள்.

பத்திரிகைக்காரர்கள் செய்தி தரவேண்டிய கடைசி நேரத்துக்கு இந்தப் பெயரை வைத்தது அடுத்த நூற்றாண்டில். எங்கள் அச்சகத்தில் யாரும் இந்தச் சொல்லைச் சொன்னதில்லை. வியாழன் இரவு பதினொரு மணிக்கு, “ஃபாரம் ஏறப்போகிறது, அம்மா” என்று ஃபோர்மேன் குரல் கொடுப்பார்; கோத்த பக்கங்கள் அச்சு இயந்திரத்தில் ஏறப்போகின்றன என்று அர்த்தம். அதற்குப் பிறகு கண்ணில் பட்ட பிழை பட்டதுதான். ஒருமுறை கல்யாணச் செய்தியில் ‘அறுசுவை விருந்து’ ‘அறுசுவை மருந்து’ ஆகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வந்து கத்தினார்கள். மறுவாரம் திருத்தம் போட்டோம்.

நம்மிடமும் ‘கெடு’ இருக்கிறது. அதுவும் சாதுவான சொல் இல்லை. வட்டிக்காரர் வாயிலிருந்துதான் அதை நான் முதலில் கேட்டேன். ஆனால் கெடுவுக்குத் தவணை கேட்கலாம். உன் தாத்தா தைக்குத் தை திண்ணையில் நின்று கேட்டிருக்கிறார், கிடைத்தும் இருக்கிறது. நீ உன் மேலாளரிடம் ஒரு முறையாவது கேட்டாயா?

மேசையில் தண்ணீர் வைத்துக்கொள். வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிடு. முடியாவிட்டால் சனிக்கிழமை வரை தவணை தருகிறேன்.

அன்புடன்,
அம்மா