வட்டம் போட்டு அளக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகள் குறைந்த தொடக்கப்பள்ளியைப் பக்கத்துப் பள்ளியோடு இணைக்கும் பேச்சு வரும்போதெல்லாம், இடைப்பட்ட தூரத்தை எப்படி அளந்தார்கள் என்பதே என் முதல் கேள்வி.

கல்வி உரிமைச் சட்டத்துக்கான 2010ஆம் ஆண்டு மத்திய மாதிரி விதிகள், ஐந்தாம் வகுப்பு வரை 1 கி.மீ., எட்டாம் வகுப்பு வரை 3 கி.மீ. நடைதூரத்துக்குள் பள்ளி வேண்டும் என்கின்றன. நிலச்சரிவு, வெள்ளம், சாலையின்மை என்று குழந்தைகளுக்கு வழியில் ஆபத்து இருந்தால் அந்த எல்லையைக் குறைக்கவும் சொல்கின்றன. இதை மட்டும் யாரும் எடுத்துப் பேசுவதில்லை.

ஜி.ஐ.எஸ். எனப்படும் கணினி வரைபடத்தில் பள்ளியைப் புள்ளியாக வைத்து, 1 கி.மீ. ஆரத்தில் வட்டம் போடுவது மிக எளிது. உள்ளே விழும் குடியிருப்பெல்லாம் பள்ளி வசதி பெற்றதாகக் கணக்கில் ஏறிவிடும். சமவெளியிலேயே ஓர் ஓடையோ ரயில் பாதையோ குறுக்கிட்டால் இந்தக் கணக்கு பொய்த்துப்போகும். ஜவ்வாதுமலை, கல்வராயன்மலைக் குக்கிராமங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சமதரையில் 1 கி.மீ. நடக்க 12 நிமிடம், ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் மேலும் 10 நிமிடம் என்பது மலையேறுவோர் நூறாண்டுக்கு மேலாகக் கையாளும் கணக்கு. வழியில் 200 மீட்டர் ஏற்றம் இருந்தால் அதே 1 கி.மீ. 32 நிமிடமாகிறது. அதுவும் பெரியவர்களின் நடைக்கு! புத்தகப் பையோடு போகும் ஆறு வயதுக் குழந்தை எவ்வளவு நேரம் நடக்கும்?

பாதைவழித் தூரத்தை அளக்கவும் இதே ஜி.ஐ.எஸ்.ஸால் முடியும். செயற்கைக்கோள் தரும் உயரத் தரவைச் சேர்த்தால் ஏற்ற இறக்கமும் தெரியும். இதற்கான கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம். பிள்ளைகள் நடக்கும் ஒற்றையடிப்பாதைகள்தான் பெரும்பாலும் வரைபடத்தில் ஏறவில்லை. அவர்களோடு ஒருமுறை நடந்தால் செல்பேசியிலேயே பதிவு செய்துவிடலாம்.

பிறகு அந்த வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டுப் பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் விரிக்க வேண்டும். சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். எந்தத் தரைப்பாலம் மழையில் மூழ்கும், யானை எந்த வழியாக இறங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் திருத்திய வரைபடம் இல்லாத எந்த இணைப்புக் கோப்பிலும் கல்வித் துறை கையெழுத்திடக் கூடாது. ஏற்கெனவே இணைத்த பள்ளிகளின் தூரத்தையும் இப்படியே மறுபடி அளக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்,
திருவண்ணாமலை மாவட்டம்.