அந்த மன்னிப்புக் கடிதங்களைத் திருப்பிக் கொடுங்கள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டக் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும் தாளாளர்களுக்கும்,

வணக்கம்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். உங்களில் ஒருவருடைய கல்லூரியில்தான் நடந்தது. எந்தக் கல்லூரி என்று நான் எழுதவில்லை. எழுதினால் அந்த ஆறு பிள்ளைகளுக்குத்தான் மறுபடியும் தொல்லை. அதில் ஒருத்தி என் அக்கா மகள். அந்த ஆறு பேரிடமும் எழுதி வாங்கிய மன்னிப்புக் கடிதங்களைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அவர்கள் செய்தது இதுதான். ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துக் கிணறுகளிலும் போர்வெல்களிலும் தண்ணீர் பிடித்து, பாட்டில் மேல் ஊர்ப் பெயரை ஒட்டி, ஒரு சனிக்கிழமை மதியம் கல்லூரி வாசலுக்கு எதிரே பெஞ்சு போட்டு வரிசையாக வைத்தார்கள். பக்கத்தில், தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பைக் காட்டுகிற ஒரு டிடிஎஸ் மீட்டர். வருகிறவர் போகிறவரிடம் கொடுத்து, நீங்களே விட்டுப் பாருங்கள் என்றார்கள். குடிக்கிற தண்ணீரில் அந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் ஊர்ப் பாட்டிலில் அதையும் தாண்டிப் போனது. அட்டையில் ஒரே ஒரு வரி: ‘இந்தத் தண்ணியில உங்க வீட்டுப் பருப்பு வேகுமா?’

முக்கால் மணி நேரம் இருந்தார்கள். கோஷம் போடவில்லை, மறியல் செய்யவில்லை, யார் பெயரையும் சொல்லவில்லை. அந்த மீட்டரை என் அக்கா மகள் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் வருகிற 1,000 ரூபாயிலிருந்து வாங்கினாள். செருப்பு வாங்க வைத்திருந்த காசு.

திங்கட்கிழமை கல்லூரியிலிருந்து போன் வந்தது. பெற்றோர் நேரில் வர வேண்டும், வராவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது.

என் அக்கா ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைக்கிறார். காலை கம்பெனி வேன் வந்தால் இரவு ஏழு மணிக்குத்தான் வீடு. ஒரு நாள் லீவு போட்டால் அன்றைய கூலியோடு மாதக் கடைசியில் வருகிற அட்டெண்டன்ஸ் காசும் போய்விடும். போனால் போகட்டும் என்று கிளம்பினார். தனியாகப் போக பயம், என்னையும் கூப்பிட்டார். ஒன்பது மணிக்கு அலுவலக வராந்தாவில் போய் நின்றோம். உட்கார நாற்காலி இல்லை. பதினொரு மணிக்கு ஒருவர் வந்து, மீட்டிங் நடக்கிறது என்றார். ஒரு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை என்றார்கள். மூன்று மணி வரை அக்கா அதே தூணில் சாய்ந்து நின்றார். மகள் எதிரே தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாள். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

உள்ளே கூப்பிட்டதும் ஒரு தாளை நீட்டினார்கள். முழுக்க ஆங்கிலம், டைப் செய்து தயாராக இருந்தது. அக்காவின் பெருவிரலில் கம்பெனிப் பசை காய்ந்து ஒட்டியிருக்கும், என்ன தேய்த்தாலும் போகாது. அந்தக் கையால் தாளைப் பிடித்துக்கொண்டு, “சார், இதுல என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டார். “கையெழுத்து போடுங்கம்மா, நேரமாவுது” என்றார் அந்த ஊழியர். அக்கா தமிழில் கையெழுத்துப் போட்டார். நான் வாங்கிப் படிப்பதற்குள் தாள் ஃபைலுக்குள் போய்விட்டது. பிறகு அக்கா மகள்தான் பேருந்தில் வரும்போது சொன்னாள்: என் மகள் ஒழுங்கீனமாக நடந்துகொண்டாள், கல்லூரியின் நற்பெயரைக் கெடுத்தாள், இனி எந்தப் போராட்டத்திலும் கலந்துகொள்ள மாட்டாள், மீறினால் டி.சி. கொடுக்கச் சம்மதிக்கிறேன். பள்ளிகொண்டா தாண்டும்வரை அக்கா ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார்.

ஒழுங்கீனம் என்ற அந்தச் சொல்லைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை, ஐயா. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள் அவள்.

உங்கள் கல்லூரிகளில் சுற்றுச்சூழல் பாடம் கட்டாயப் பாடம். 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை அதில் சொல்லித்தருகிறீர்கள். அந்த வழக்கைப் போட்டது வேலூர் குடிமக்கள் நல மன்றம், 1991-ல். மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்பதும், கேடு வரும்முன் காக்க வேண்டும் என்பதும் இந்த நாட்டின் சட்டம் என்று நீதிமன்றம் சொன்னது தோல் ஆலைக் கழிவு கலந்த நம் பாலாற்றை வைத்துத்தான். தோல் பதனிடும் டேனரிகள் உள்ள பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழாகிவிட்டது என்று வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கண்டறிந்ததும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. என் அப்பாவின் ஒன்றரை ஏக்கர் எந்தக் கணக்கில் சேர்ந்ததோ தெரியாது. தென்னை ஒவ்வொன்றாகக் குருத்து காய்ந்து நின்றதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன்.

என் அக்கா மகள் இதைப் பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள். புத்தகத்தில் வருகிற வேலூர் தன் ஊர்தான் என்று புரிந்துகொண்டு, கிணற்றில் வாளி விட்டுப் பார்த்தாள். கல்வி என்று இதைத்தானே சொல்கிறோம்? ஆறுகளையும் ஏரிகளையும் காப்பது ஒவ்வொரு குடிமகனுக்கும் கடமை என்று அரசியல் சட்டத்தின் 51-ஏ பிரிவு சொல்கிறது. கடமையைச் செய்த பிள்ளை எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்?

டேனரிகளை மூடச் சொல்கிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டில் உலை கொதிப்பதே தோலினால்தான். உச்ச நீதிமன்றமும் அதைத்தான் சொன்னது: இந்தத் தொழில் நாட்டுக்கு முக்கியம், வேலை கொடுக்கிறது, அதற்காக இயற்கையை அழிக்கவும் மக்கள் உடம்பைக் கெடுக்கவும் அதற்கு உரிமை கிடையாது. 2025 ஜனவரி 30-ல் மறுபடியும் ஒரு தீர்ப்பு வந்தது. பாதிக்கப்பட்ட எல்லோருக்கும் இழப்பீடு கொடுக்க வேண்டும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்க வேண்டும் என்று. இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவில் 28 ஆண்டுகள். இத்தனை ஆண்டுகள் பெரியவர்கள் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? 2015 ஜனவரி 31 விடியற்காலையில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் அந்தக் கழிவுச் சேற்றிலேயே இறந்தார்கள். நாலு நாள் பேசினோம். அப்புறம் மறந்தோம்.

மாணவர்கள் வெளியே வருவதே உங்களுக்குப் பிடிக்காது என்றால் அதுவும் இல்லை. ஜனவரி 25 வாக்காளர் தினத்தன்று பதாகை கொடுத்து வெயிலில் நடக்க விடுகிறீர்கள். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஏழு நாள் கிராமத்தில் தங்க வைத்து, குப்பை பொறுக்கவும் மரக்கன்று நடவும் சொல்கிறீர்கள். நல்ல காரியம்தான், நன்றி. அதே பிள்ளைகள் தாங்களாக ஒரு கேள்வி கேட்டதும் அது எப்படிக் குற்றமாகிவிடுகிறது? 18 வயதில் ஆட்சியையே மாற்ற ஓட்டுப் போடலாம் என்று 1989-லிருந்து சட்டம் இருக்கிறது. தன் ஊர்த் தண்ணீரைப் பற்றிப் பேச மட்டும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வர வேண்டுமா? யாரோ போன் செய்திருப்பார்கள், நன்கொடை கொடுப்பவர் வருத்தப்பட்டிருப்பார். உங்களுக்கும் நெருக்கடி இருக்கும், புரிகிறது. அந்த நெருக்கடியைத் தாங்க வேண்டியவர்கள் நீங்கள். பத்தொன்பது வயதுப் பெண்ணின் தலையில் ஏன் இறக்கி வைத்தீர்கள்?

கோபத்தில் கொஞ்சம் கூடப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2021 நவம்பரில் பாலாற்றில் இரு கரையும் தொட்டு வெள்ளம் வந்தபோது ஊரே பாலத்துக்கு ஓடியது. மஞ்சள் குங்குமம் தூவிக் கும்பிட்டோம். அவளும் பூ போட்டாள். இரண்டு மாதம் கழித்து, “ஆத்துல அவ்ளோ தண்ணி போச்சே, நம்ம கெணறு ஏன் மாமா இன்னும் உப்பு?” என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் அவள் உங்களிடம் படிக்க வந்தாள்.

அதனால் மறுபடியும் பணிவாகக் கேட்கிறேன். அந்த ஆறு கடிதங்களைத் திருப்பிக் கொடுங்கள். நன்னடத்தைச் சான்றிதழில் அதன் நிழல் விழாது என்று பிள்ளைகளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்களில் மற்றவர்களின் பீரோக்களிலும் இப்படிக் கடிதங்கள் இருந்தால், அவற்றையும் எடுத்துக் கொடுத்துவிடுங்கள். முடிந்தால் வேதியியல் ஆய்வகத்தை ஒரு நாள் திறந்துவிடுங்கள், அந்தப் பாட்டில்கள் இன்னும் எங்கள் திண்ணையில்தான் இருக்கின்றன. மீட்டர் காட்டுவது மொத்த உப்பைத்தான். அதில் தோல் பதனிடச் சேர்க்கிற குரோமியம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு உங்கள் பேராசிரியர்கள்தான் உதவ முடியும்.

அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் விடுமுறை. அன்றைக்கு வரச் சொன்னால் கூட்டிக்கொண்டு வருகிறேன். கடிதத்தை அவர் கையிலேயே கொடுங்கள். கொடுப்பதற்கு முன் அதில் எழுதியிருப்பதை ஒரு முறை தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அந்தப் பெண்ணின் தாய்மாமன்,
ஆம்பூர் பக்கம், பாலாற்றங்கரை.