நாற்பதாவது நகர்த்தலுக்கு முன்: ஃபிடேக்கு ஒரு திறந்த மடல்

உலக சதுரங்க சாம்பியன்ஷிப் விதிகளை வகுக்கும் ஃபிடே (சர்வதேச சதுரங்கக் கூட்டமைப்பு) குழுவினருக்கு வணக்கம்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகப் பட்டப் போட்டியின் 14-ஆவது ஆட்டம், 55-ஆவது நகர்த்தல். நடப்புச் சாம்பியன் டிங் லிரன் ரூக்கை (யானையை) எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுபோனார். ரூக்குகள் வெட்டுப்பட்டன. எதிர்த்து ஆடிய குகேஷ் தன் பிஷப்பை (மந்திரியை) டி5-இல் வைத்ததும், ஏ8 மூலையில் நின்ற டிங்கின் பிஷப்புக்கு ஒதுங்க இடமில்லை. பிஷப்புகளும் வெட்டுப்பட, கறுப்புக் காய்களோடு ஆடிய குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல், பட்டம் கைமாறியது. இந்தப் பிழைக்கு விதிகளைக் குறை சொல்ல மாட்டோம். அப்போது ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கடிகாரத்தில் 30 விநாடி கூடிக்கொண்டிருந்தது. களைப்பும் எதிராளியின் விடாப்பிடியும் செய்த வேலை அது, அதுவும் சதுரங்கம்தான்.

எங்கள் குறை அதற்கு முந்தைய கட்டத்தைப் பற்றியது. அந்தப் போட்டியில் முதல் 40 நகர்த்தலுக்கு ஆளுக்கு 120 நிமிடம். அதுவரை கடிகாரத்தில் ஒரு விநாடிகூடச் சேரவில்லை. 2023-இல் அஸ்தானாவில் நடந்த உலகப் பட்டப் போட்டியிலும் முதல் 40 நகர்த்தலுக்கு இதே ஏற்பாடுதான். அங்கே 7-ஆவது ஆட்டத்தில், கையில் சில நிமிடமே இருந்தபோது டிங் ஒரே நகர்த்தலில் உறைந்து உட்கார்ந்தார். பலகையில் இன்னும் ஆட்டம் இருந்தது, கடிகாரத்தில் இல்லை. தோற்றார்.

இதில் வெளியே தெரியாத சிக்கல் ஒன்று உண்டு. 30 விநாடி கூடாத கட்டத்தில், ஐந்து நிமிடத்துக்குக் கீழே வந்த ஆட்டக்காரர் நகர்த்தலைக் குறிப்புத் தாளில் எழுத வேண்டியதில்லை. எழுதாதவர் எண்ணிக்கையைத் தவறவிடுகிறார். 38 முடிந்ததா, 39-ஆ? கொடி விழும்வரை, அதாவது நேரம் தீரும்வரை, நடுவர் அதைச் சொல்லக் கூடாது. ஆக, காயோடு சேர்த்துத் தாளோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

தீர்வு எளிது. 100 நிமிடம் கொடுங்கள், முதல் நகர்த்தலிலிருந்தே 30 விநாடி சேருங்கள். நாற்பது நகர்த்தலுக்குச் சேர்வது 20 நிமிடம். மொத்தம் அதே 120. ஆட்டம் நீளாது, கடைசிவரை எழுதியும் ஆக வேண்டும். நேர நெருக்கடி பார்வையாளருக்கு விருந்து என்பது தெரியும். அந்த விருந்துக்குக் குறைந்த நேரத்தில் ஆடும் ரேபிட் இருக்கிறதே.

செய்தியாளர் சந்திப்பையும் கவனியுங்கள். 2016 நியூயார்க் உலகப் பட்டப் போட்டியின் 8-ஆவது ஆட்டத்தில் தோற்ற சாம்பியன் கார்ல்சன், எதிராளி வருமுன்னே மேடையிலிருந்து எழுந்துபோய் அபராதம் கட்டினார். தோற்றவருக்கு அரைமணி நேரம் விடுங்கள், தனியாகப் பேச வையுங்கள்.

கடைசியாக, ரஷ்யாவின் எலிஸ்டாவில் 2006-இல் நடந்த உலகப் பட்டப் போட்டி. கிராம்னிக் கழிப்பறைக்கு அடிக்கடி போகிறார் என்று எதிராளி டோபலோவின் தரப்பு கொடுத்த புகாரின்பேரில், போட்டி நடுவிலேயே அவரவர் தனிக் கழிப்பறைகளைப் பூட்டினார்கள். அவர் விளையாட மறுக்க, 5-ஆவது ஆட்டம் டோபலோவுக்குப் போனது. புள்ளிகள் 6-6 எனச் சமமாகி, ரேபிடில்தான் முடிவு தெரிந்தது. புகாரை வாங்கிக்கொள்ளுங்கள், சோதனையும் போடுங்கள். ஆனால் ஒப்பந்தத்தில் உள்ள வசதியை, இருவரும் சம்மதிக்காமல் நடுவில் மாற்ற முடியாது என்று ஒரு வரி விதியில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
நடுவர்களும் பயிற்சியாளர்களுமாகச் சிலர்